படலை திறந்து வந்த கல்வி

இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926இல் களுத்துறையில் தொடங்கப்பட்டது. அப்பணி நாடெங்கும் பரவியது. எம் ஊரிலும் மருத்துவமாது படலை திறந்து வந்து, தாய்மாருக்குப் போசாக்கு உணவு பற்றிக் கற்பித்தார்.

இவ்வளைகுடா நாட்டில் அவர் வருவதில்லை. எனினும், உலக சுகாதார நிறுவனத்தின் இலவசப் பாடங்கள் இணையவழியே இல்லம் வருகின்றன.

ஒரு கணக்குப் பார்ப்போம். 100 மில்லிலீற்றர் பானத்தில் சீனி 10 கிராம் எனில், 330 மில்லிலீற்றரில் 33 கிராம். சேர்க்கப்படும் சீனி, வளர்ந்தோருக்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குக் குறைவாயிருத்தல் நன்று என்பது அந்நிறுவனத்தின் 2015ஆம் ஆண்டுப் பரிந்துரை.

அமீரகம் 2017இல் வாயுவூட்டிய பானங்களுக்கு 50 வீத வரி விதித்தது. வரி விலையை உயர்த்தும். விருப்பத்தை மாற்றுவது அறிவே.

மாணவச் செல்வங்களே! போத்தலின் பின்புறத்தைப் பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். மருத்துவமாதின் பணி இனி உங்களுடையது.