நாய்க்கு எறியும் ஈரல்

ஞாயிற்றுக்கிழமை காலை. கறிக்கடையில் ஈரலை அரிந்துகொண்டிருக்கும் கத்தி ஓரிடத்தில் நிற்கிறது. கோலிக்குண்டு அளவில் வெள்ளையாக ஒரு கொப்புளம். அழுத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புகிறது. கடைக்காரர் அந்தத் துண்டை மட்டும் அறுத்து, வாசலில் படுத்திருக்கும் தெருநாயிடம் வீசுகிறார். நல்லதை நமக்குக் கொடுத்தார் என்று நாமும் நிம்மதியாக வாங்கி வருகிறோம். அந்தத் துண்டு போகவே கூடாத இடம் அந்த நாயின் வயிறு.

அது ஹைடாடிட் கட்டி, ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். கீறிப் பார்த்தால் நீருக்கடியில் பொடிமணல் போலப் படிந்திருக்கும். அந்த மணல் முழுக்கப் புழுத்தலைகள். நாயின் குடலுக்குப் போனதும் ஒவ்வொரு தலையும் சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவாக வளரலாம். ஆறேழு வாரத்தில் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிவரத் தொடங்கும். நாய்க்கோ ஒரு நோவும் தெரியாது. வழக்கம்போல ஓடும், குரைக்கும், கிடையைக் காக்கும். மலம் விழுந்த புல்லை ஆடு மேய்ந்தால் அதன் ஈரலிலும் நுரையீரலிலும் மறுபடி கட்டி வரும்.

நமக்கு வருவதும் இந்த முட்டையால்தான். கறி தின்பதால் வருவதில்லை; இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாய் தன் பின்புறத்தை நக்கிய நாக்கால் உடம்பையும் நக்கும். அதன் முதுகைத் தடவிய கையோடு குழந்தை முறுக்கைத் தின்னும். கழுவாத கீரையிலும் முட்டை ஒட்டியிருக்கலாம். நம் உடம்பில் கட்டி மிக மெதுவாக வளரும், பெரும்பாலும் ஈரலில். பல வருடம் கழித்து வேறெதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவரும். உள்ளே உடைந்தால் அந்த நீரே கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிரைப் பறிக்கலாம். மாத்திரையும் அறுவை சிகிச்சையும் உண்டு, இரண்டும் எளிதல்ல.

இந்தச் சங்கிலியை அறுத்துக் காட்டிய நாடு ஐஸ்லாந்து. ஆடும் ஆட்டுநாயும் இல்லாத பண்ணை அன்று அங்கே அரிது. 1863இல் டென்மார்க்கிலிருந்து போன ஆய்வாளர் ஹரால்ட் கிராப்பே நூறு நாய்களை அறுத்துப் பார்த்தார். 28 நாய்களின் குடலில் இந்தப் புழு இருந்தது. புழு எப்படிப் பரவுகிறது, ஆட்டுக் கழிவை ஏன் நாய்க்குப் போடக் கூடாது என்று அவர் எழுதிய சிறு நூல் அடுத்த ஆண்டே வீடுவீடாக இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. 1869இல் நாய்களுக்கான சட்டமும் வந்தது. இன்றைய மருந்து ஒன்றுகூட இல்லாத காலம் அது. படித்துப் புரிந்துகொண்ட குடியானவர்கள் கழிவைப் புதைத்தார்கள், எரித்தார்கள். அடுத்த தலைமுறைகளில் நோய் அங்கே அற்றுப்போனது. எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்தது அந்தச் சிறு நூல்தான்.

நம்மிடம் இன்று மருந்தும் இருக்கிறது. பிராசிகுவான்டெல் மாத்திரை நாயின் குடலிலுள்ள புழுவைக் கொல்லும். எல்லாப் பூச்சி மாத்திரையிலும் அது இருக்காது, கால்நடை மருத்துவரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். கட்டியுள்ள ஈரலைத் தின்ன வாய்ப்புள்ள நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தால், புதிய புழு முட்டையிடும் முன்பே செத்துவிடும். மருந்து முட்டையைக் கொல்லாது. அதனால் மருந்து கொடுத்தபின் சில நாள் வரும் மலத்தை ஆழமாகப் புதைக்க வேண்டும்.

ஊர் ஊராக ஆடு மேய்த்துக் கிடை போடும் கீதாரிகளிடம் நாயை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. வழியில் செத்த ஆட்டை அறுக்கும்போது ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடாமல், நன்றாக வேகவைத்துப் போட்டாலே போதும். கறிக்கடையில் இன்னும் சுலபம். அந்தத் துண்டை எறியக் கை ஓங்கும்போது, “அண்ணே, நாய்க்குப் போடாதீங்க, மூடி வச்ச வாளியில போட்டுப் புதைச்சிடுங்க” என்று சொல்லலாம். ஏன் என்று கேட்டால் அந்த மணலைக் காட்டுங்கள்.