உங்களுக்குத் தெரியுமா? நர்சிங் படிக்கப் போகிறவர்களுக்கு

இந்தியாவில் நர்சிங் பயிற்சி முதன்முதலாக வேர்விட்ட ஊர்களில் நம் சென்னையும் ஒன்று. 1871-ல் அரசுப் பொது மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது இருந்தவர்கள் 4 மாணவிகள். படிப்பு 6 மாதம், பாடம் பிரசவம் பார்ப்பது.

★

பயாலஜி எடுக்காததால் நர்சிங் பக்கமே திரும்பிப் பார்க்காத பிள்ளைகள் நிறைய. 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்குக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கட்டாயம். ஆங்கிலமும் வேண்டும், பொதுப்பிரிவினர் 45 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்கிற 3 ஆண்டு டிப்ளமோவுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், 40 சதவீதம் போதும். ஆனால் அறிவியல் குரூப்புக்கு முன்னுரிமை உண்டு. ஆகவே சேரப்போகும் இடத்தின் விளக்கக் குறிப்பேட்டை வரி விடாமல் படியுங்கள். டிப்ளமோ முடித்துப் பதிவும் செய்தவர்கள், இன்னும் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் படித்தால் பட்டதாரிதான். வீட்டுச் சூழல் 4 ஆண்டு படிப்புக்கு இடம் தராதவர்களுக்கு இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

★

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்சி. நர்சிங் இடம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் கிடைக்கிறது. புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்ற சிலவற்றுக்குத்தான் நீட் மதிப்பெண் தேவை. "நீட் எழுதலையே" என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை.

★

விளக்கேற்று விழாவில் கையில் விளக்கோடு நின்று சொல்கிற நைட்டிங்கேல் உறுதிமொழியை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற நர்சிங் பள்ளித் தலைவியும் அவருடைய குழுவும் எழுதியது அது. நைட்டிங்கேல் வரைந்தது வேறொன்று. கிரிமியப் போரில் சிப்பாய்களை அதிகம் கொன்றது குண்டு அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்கள் என்பதை 1858-ல் வட்ட வரைபடமாகப் போட்டு ஆட்சியாளர்களுக்குக் காட்டினார். விளக்கைப் பிடித்த அந்தக் கைக்குப் புள்ளிவிவரமும் நன்றாக வந்தது. லண்டன் புள்ளியியல் சங்கம் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்ட முதல் பெண் அவர்தான்.

★

கணக்கு இன்றும் நர்சை விடாது. 500 மில்லி குளுக்கோஸை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது நர்ஸ் தலையில்தான் ஓட வேண்டும். வழக்கமான டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. 500-ஐ 20-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறக்குறைய 42 சொட்டு. கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி, சொட்டுகளை எண்ணிக்கொண்டே குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாக உருட்டி அந்த 42-க்குக் கொண்டுவர வேண்டும். நோயாளி கையை மடக்கினால் ஓட்டம் மாறிவிடும், மறுபடி எண்ண வேண்டும். குழந்தைகள் வார்டில் மைக்ரோ செட். அதில் 60 சொட்டு 1 மில்லி என்பதால், மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. டாக்டர் சொல்வதைச் செய்கிற வேலைதானே என்பவர்கள், ஒரு நைட் டியூட்டி முழுக்க இந்த எண்ணிக்கை பிசகாமல் இருந்து பார்க்கட்டும்.

★

வேலூர் சி.எம்.சி.யில் அதன் நிறுவனர் ஐடா ஸ்கடர் காலத்திலேயே, 1909-ல் நர்சிங் பள்ளி வந்துவிட்டது. நாட்டின் முதல் நர்சிங் பட்டப்படிப்புகள் 1946-ல் தொடங்கிய 2 இடங்களில் ஒன்று வேலூர், மற்றது டெல்லி.

★

கல்லூரியில் சேர்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முன்பு முழுதாகப் போட்டிருக்கிறோமா என்று பார்ப்பது. போடாதவர்களுக்கு 3 டோஸ். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வார்டு போஸ்டிங் வரும்வரை தள்ளிப்போட்டால், பாதுகாப்பு முழுமை பெறுவதற்குள் ஊசி முனைகளுக்கு நடுவே நிற்க வேண்டிவரும். அப்படியும் ஊசி குத்திவிட்டால் பயந்து மறைக்காதீர்கள். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. திட்டு விழுமே என்று வாய் மூடி இருக்கும் முதலாண்டுப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

★

ஆண்களுக்கும் இடம் உண்டு. எய்ம்ஸ் மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் பணிக்கு நடக்கும் நார்செட் தேர்வில் பெண்களுக்கு 80 சதவீதம், ஆண்களுக்கு 20 சதவீதம்.

★

படிப்பு முடிந்தால் மட்டும் நர்ஸ் ஆகிவிட முடியாது. தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிவருவது அது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர்களைப் பதிவு செய்ய மாட்டார்கள். லட்சக்கணக்கில் கட்டணம் செலுத்துவதற்கு முன் அங்கீகாரப் பட்டியலில் கல்லூரியின் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

★

வெளிநாடு போக ஆசையா? அமெரிக்காவுக்கு என்க்ளெக்ஸ் தேர்வு, பிரிட்டனுக்கு ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி. மொழியைப் படிக்கும்போதே தொடங்குவது நல்லது, வேலைக்குப் போன பிறகு ஷிப்டுக்கு நடுவே அது பெரும்பாடு. சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்குப் போகும் நர்சுகளுக்கு மத்திய அரசின் குடியேற்ற அனுமதி தேவை. தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்துகிறது. பதிவு பெற்ற தனியார் ஏஜென்ட் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். அதற்குமேல் கேட்பவரிடம் பணத்தையோ அசல் சான்றிதழையோ கொடுத்துவிடாதீர்கள்.