முப்பது விநாடித் தொழில்

ரக்பி லீக் என்ற ஆட்டம் பிறந்ததே ஒரு கூலித் தகராறில்தான். இங்கிலாந்தின் வடபகுதியில் நிலக்கரிச் சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் உழைத்தவர்கள் சனிக்கிழமை ரக்பி ஆடப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்ட அனுமதி கேட்டன அவர்களுடைய கிளப்புகள். பணம் வாங்கி ஆடுவது கண்ணியமல்ல என்று மறுத்தார்கள் ரக்பியை நிர்வகித்த கனவான்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்து விடுதி ஒன்றில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனியே பிரிந்தன. அணிக்கு 13 பேர், ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு என்ற விதிகளெல்லாம் பின்னால் வந்தவை. ஆடப் போனவனின் ஒரு நாள் கூலியை யார் கொடுப்பது என்ற கேள்விதான் முதலில் வந்தது. மயிலம், திண்டிவனம் பக்கத்துக் கபடிக்காரனுக்கும் இதே கேள்விதான். கபடி இன்று ஒரு தொழில் என்று சொல்கிறோம். தொலைக்காட்சியில் ஏலத்தொகையையும் காட்டுகிறார்கள். ஆனால் அந்தத் தொழிலைத் தாங்கி நிற்பது ஏலம் அல்ல, மாதச் சம்பளம் தரும் வேலை என்பதே என் வாதம்.

முதலில் கபடி ஆட்டத்தின் நுட்பத்தைப் பார்ப்போம். ஆண்களுக்கான களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டைத் தாண்டினால், பாடிப் போகும் ரைடருக்கு முன்னால் இருப்பது ஆறரை மீட்டர். அதற்குள் ஏழு பேர். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதற்கு ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. யாரையும் தொடாமல் திரும்புகிறவன் பாக் கோட்டையாவது கடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். எதிரில் ஆறு பேராவது நிற்கும்போது போனஸ் கோட்டைக் கடந்து மறு காலைத் தூக்கினால் ஒரு புள்ளி. 'கபடி கபடி' என்ற பாட்டு நிற்கக் கூடாது. 30 விநாடிக்குள் திரும்பியாக வேண்டும். அதாவது ஓடிப்போய், ஏமாற்றி, தொட்டு, திரும்பி வருவது முழுவதையும் பேசிக்கொண்டே, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே செய்ய வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும் அந்த நொடிக்காகவே காத்திருப்பார்கள் இரு ஓரங்களிலும் நிற்கும் கார்னர் ஆட்டக்காரர்கள். ரைடரின் எடை முன்காலில் இறங்கும் கணத்தில் கணுக்காலைப் பிடிப்பவர்கள் அவர்கள். பக்கத்தில் நிற்கும் கவர் ஆட்டக்காரர் அதே நொடியில் மோதித் தள்ளவோ தொடையைப் பிடிக்கவோ வேண்டும். அரை நொடி பிந்தினால் ஒருவருக்குப் பதில் இருவர் வெளியே. ரக்பி லீக்கில் பிடிபட்டவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். கபடியில் பிடிபட்டவன் களத்தை விட்டே போக வேண்டும். அதனால் இங்கே பிடிபடாமல் திமிறுவதற்கு விலை அதிகம், அந்த விலையைக் கொடுப்பது மூட்டு.

40 நிமிட ஆட்டத்தில் ஒவ்வொரு ரைடும் முழு 30 விநாடியை எடுத்துக்கொண்டாலே 80 ரைடு. அணியின் முதல் ரைடர் ஒரே மாலையில் பதினைந்து, இருபது முறை ஏழு பேருக்குள் போய்வருகிறார். பாதம் தரையில் பதிந்திருக்க, ஒருவர் கணுக்காலைப் பிடித்திருக்க, உடல் மட்டும் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் முறுக்கப்படுகிறது. அது அறுந்தால் அறுவை, பயிற்சி, மறுபடி களம் என்று முக்கால் வருடமாவது போய்விடும். மண்ணில் வளர்ந்தவன் ஷூ மாட்டிக்கொண்டு மேட் விரிப்பில் ஆடப் போகும்போது இது இன்னும் கவனிக்க வேண்டிய விஷயம். மண்ணில் கால் கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும். மேட் விரிப்பில் ஷூ ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2014இல் புரோ கபடி லீக் தொடங்கியபோது முதல் ஏலத்தின் மிகப் பெரிய தொகை, பாட்னா அணி ராகேஷ் குமாருக்குக் கொடுத்த 12.8 லட்சம். அப்போது அவர் ரயில்வே ஊழியர். 2023இல் பவன் ஷெராவத்துக்கு தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2.605 கோடி. ஒன்பது ஆண்டில் இருபது மடங்கு! இனி வேலை எதற்கு, அரசு வேலையைத் தேடி அலைந்தது பழைய காலம் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே பவனை 2022இல் 2.26 கோடிக்கு எடுத்தது தமிழ் தலைவாஸ். முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. அந்த ஆண்டு தலைவாஸை முதல்முறையாக அரையிறுதிக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர், முதல் பருவம் ஆடிய இளம் ரைடர் நரேந்தர். பர்தீப் நர்வாலின் கதை இன்னும் கூர்மையானது. 2017இல் ஒரே பருவத்தில் 369 ரைடு புள்ளி எடுத்தவர். 2021 ஏலத்தில் 1.65 கோடி. 2024இல் 70 லட்சம். 2025 ஏலத்தில் அவரை யாரும் எடுக்கவில்லை, ஓய்வை அறிவித்தார். வயது 28. மற்ற தொழில்களில் ஒருவன் அந்த வயதில்தான் வேலையில் ஊன்றத் தொடங்குகிறான்.

அப்படியானால் தர்மராஜ் சேரலாதன்? தஞ்சாவூர்க்காரர், 2016இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றபோதே நாற்பதைத் தாண்டியவர், அதற்குப் பிறகும் சில பருவங்கள் ஆடியவர். சக ஆட்டக்காரர்களுக்கெல்லாம் 'அண்ணா'. அவரை விதிவிலக்கு என்று சொல்லி ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. அவரிடம் ஒரு பாடம் இருக்கிறது. அவர் ஆடிய தடுப்பாட்டத்தில் வேகம் குறையும்போது கணிப்பு அதை ஈடுசெய்யும். நின்ற இடத்தில் காத்திருக்கலாம். ரைடருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆனாலும் பையன்கள் எல்லோரும் ரைடராகவே விரும்புகிறார்கள், கைதட்டல் அங்கேதான் விழுகிறது. இன்னொரு கணக்கும் உண்டு: லீக்கில் 12 அணிகள், அணிக்கு அதிகபட்சம் 25 பேர். ஆக மொத்தம் 300 இடம், அதில் வெளிநாட்டவரும் அடக்கம். 2024 ஏலத்தில் கடைசிப் பிரிவின் அடிப்படை விலை 9 லட்சம். நல்ல பணம்தான், ஆனால் அது இரண்டு மூன்று மாதப் பருவத்துக்கு. அடுத்த பருவத்துக்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே கபடிக்காரர்கள் வேலையை விடுவதில்லை. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற மணத்தி கணேசன் மின்வாரியத்தில் இருந்தவர். தமிழ் தலைவாஸின் முதல் கேப்டன் அஜய் தாகூர் இமாச்சலக் காவல்துறை அதிகாரி. ரயில்வேயும் ராணுவமும் காவல்துறையும் வங்கிகளும்தான் ஹடர்ஸ்ஃபீல்டில் கேட்ட அந்தக் கூலியை இங்கே கொடுத்துவந்திருக்கின்றன. தமிழ்நாடு அரசும் வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது.

அந்த வேலைக்குப் போகும் வழியில்தான் நம் வட்டாரத்துப் பையன் தடுக்கி விழுகிறான். தை பிறந்துவிட்டால் ஊர் ஊராக மின்னொளி கபடி. ஆளுயரக் கோப்பை, ரொக்கம், விடிய விடிய ஆட்டம். இந்த உற்சாகம் வேறெந்த விளையாட்டுக்கும் இங்கே கிடையாது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது கேட்கப்படுவது மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடிய சான்று, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிச் சான்று, தேசியப் பள்ளி விளையாட்டுச் சான்று. நாற்பது ஊர்க் கோப்பைகள் அங்கே ஒரு தாளுக்கு ஈடாகாது. பத்தாம் வகுப்போடு நின்று கல்குவாரிக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விட்டவனுக்குப் பள்ளி, பல்கலைக்கழகம் என்ற இரண்டு படிகளும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன.

இதற்காக ஊர் விளையாட்டைக் கபடிச் சங்கத்தின் விதிக்குள் இழுத்தால் திருவிழாக் களை போய்விடும் என்பார்கள் விழாக்குழுவினர். கபடிக்கு என்ன செலவு, ஒரு கோடு கிழித்தால் போதாதா என்பார்கள் வேறு சிலர். களத்துக்குச் செலவில்லை, உண்மைதான். உடம்புக்குச் செலவு உண்டு: முட்டை, பால், பயிற்சிக்குப் போன நாளின் கூலி, அறுந்த தசைநாருக்கு ஆஸ்பத்திரி. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே ஒரு கிராமத்துப் போட்டியில் ரைடு போன இளைஞர் களத்திலேயே மயங்கி விழுந்து இறந்தார். திருவிழாக் களை மேல் அக்கறை உள்ளவர்கள் அதையும் நினைக்கலாம். யாரும் விழாவை நிறுத்தச் சொல்லவில்லை.

வரும் தைப் பொங்கலுக்கு வசூலிக்கிற குழுக்களிடம் ஒன்று கேட்கலாம். கோப்பையின் உயரத்தை ஒரு அடி குறையுங்கள். மிச்சப்படும் பணத்தில் களத்தோரம் ஒரு ஆம்புலன்ஸை நிறுத்துங்கள். நன்றாக ஆடும் இரண்டு பையன்களை மாவட்டத் தேர்வுக்கு அனுப்ப பஸ் செலவைக் கொடுங்கள். அவர்கள் பிளஸ் டூ முடிக்கும்வரை விசாரித்துக்கொண்டிருங்கள்.