பாடி வாஷா? கட்டிச் சோப்பா?



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது நான் கொஞ்சம் முழித்தேன். கவிதை எழுத எங்கள் பிரிவிலேயே பதினோரு பேர் பெயர் கொடுத்தாயிற்று. ரோபோ, ராக்கெட் பற்றி எழுத மூன்றாமாண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தது குளியல். சிரிக்காதீர்கள்! தினமும் செய்கிற காரியம், மாதம் தவறாமல் காசு செலவாகிற காரியம். அதில் நான் ஏமாந்ததும் தெளிந்ததும் உங்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா சங்ககிரிப் பக்கம் லாரி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் நானும் கூட நின்று கியர் பாக்ஸ் இறக்குவேன், கழுவுவேன். முதலாமாண்டு இரண்டாவது செமஸ்டரில் ஒரு திங்கட்கிழமை, ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து நேராக வகுப்புக்கு வந்து உட்கார்ந்தேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எவன்டா அது, டீசல் டேங்குல படுத்துட்டு வந்தவன்?" வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

அன்று சாயங்காலமே கடைக்குப் போனேன். ரெக்கார்டு நோட்டு வாங்க அம்மா கொடுத்த காசு பையில் இருந்தது. கறுப்பு பாட்டில், வெள்ளி எழுத்து, 'ஆண்களுக்கு மட்டும்' என்று போட்ட பாடி வாஷ். 250 மி.லி. 199 ரூபாய். எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் ஒரு மாதம் வருகிற சோப்புச் செலவு அதில் அடங்கிவிடும்! தெரிந்தேதான் வாங்கினேன்.

வாசனை பிரமாதம். மறுநாள் ஃபிட்டிங் ஷாப்பில் இரண்டு மணி நேரம் அரம் போட்டு முடித்தபோது அந்த வாசனை எங்கே போனது என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் பாட்டில் காலி. இதில் என் அறைத்தோழர்களின் பங்களிப்பு பெரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் எதிர்பாராத ஒன்று நடந்திருந்தது. விடுதிக்கு வந்த நாள் முதல் என் காலிலும் முழங்கையிலும் தோல் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, ராத்திரியில் அரிக்கும். அந்தப் பதினாறு நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. பாட்டில் தீர்ந்து பழையபடி சோப்புக்கு வந்ததும் அரிப்பும் வந்தது. அப்படியானால் அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறது?

விடை நமது கெமிஸ்ட்ரி லேபிலேயே இருந்தது. நாம் எல்லோரும் தண்ணீரின் கடினத்தன்மை கண்டுபிடிக்கிற சோதனை செய்திருக்கிறோம் அல்லவா? பியூரெட்டில் இ.டி.டி.ஏ., ஒயின் சிவப்பு நீலமாக மாறும் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். நம் விடுதியில் வருவது போர் தண்ணீர். கால்சியம், மெக்னீசியம் உப்புகள் நிறைந்தது. பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும்.

சோப்பு என்பது எண்ணெயையோ கொழுப்பையோ காஸ்டிக் சோடாவுடன் வினைபுரிய வைத்து எடுப்பது. கூடவே கிளிசரினும் கிடைக்கும். வேதியியல்படி அது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. உப்புத் தண்ணீரில் போட்டால் சோடியத்தின் இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கால்சியம் சோப்பு தண்ணீரில் கரையாது. திரிந்த பால் மாதிரி மிதக்கும். நுரை வராது. நுரை வரவில்லையே என்று நாம் இன்னும் தேய்ப்போம், சோப்பு இன்னும் கரையும், திரிவு இன்னும் கூடும். அந்தத் திரிவுதான் தோலில் படிகிறது, தலைமுடியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. தலைக்கும் சோப்பு போடுகிற விடுதி நண்பர்களுக்கு முடி சீப்புக்கு அடங்காமல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

லேப் அண்ணனிடம் கெஞ்சி ஒருநாள் நான்கு டெஸ்ட் டியூப் வாங்கினேன். இரண்டில் காய்ச்சி வடித்த நீர், இரண்டில் விடுதித் தண்ணீர். சோப்புக் கரைசல் வடித்த நீரில் நுரை பொங்கியது; விடுதித் தண்ணீரில் திரிந்து நின்றது. அறைத்தோழனிடம் கடன் வாங்கிய பாடி வாஷ் இரண்டிலும் ஒரே மாதிரி நுரைத்தது. அண்ணனே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரணம், பாடி வாஷ் சோப்பே அல்ல. பாட்டிலின் முதுகைத் திருப்பிப் படியுங்கள். எது அதிகமோ அது முதலில் வரும். முதலில் தண்ணீர். அடுத்து பெரும்பாலும் சோடியம் லாரத் சல்பேட். பிறகு கோகமிடோபுரோபைல் பீட்டைன். இவை செயற்கை டிடர்ஜெண்ட் வகை, கால்சியத்தோடு திரிவதில்லை. பீட்டைன் சேர்ப்பது முதல் சரக்கின் கடுமையைக் குறைக்க. அப்புறம் சிட்ரிக் அமிலம், சாயம், வாசனை. பல பாட்டில்களில் நம் இ.டி.டி.ஏ.வும் இருக்கும்! பியூரெட்டில் செய்த அதே வேலையை அங்கேயும் செய்கிறது: உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

பட்டியலில் 'சோடியம் குளோரைடு' என்று ஒன்றும் வரும். நம் சமையல் உப்புதான். லாரத் சல்பேட் கரைசலில் உப்புச் சேர்த்தால் அது கெட்டியாகிவிடும். ஆகவே 'நல்லா திக்கா இருக்கு, சரக்கு அதிகம்' என்று கடையில் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நானும் அப்படிச் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்கினேன். பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதற்குச் சாட்சியும் உண்டு. கோத்ரெஜ் நிறுவனம் 2022-ல் 45 ரூபாய்க்கு ஒரு சாஷே கொண்டுவந்தது. அதிலுள்ள ஜெல்லை நாமே வீட்டில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் 200 மி.லி. பாடி வாஷ்!

இன்னொரு வேறுபாடு பி.ஹெச். நமது தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உடையது, சுமார் 5. சோப்பு காரம், 9 முதல் 10 வரை. பி.ஹெச். தாளில் தொட்டுப் பார்த்தேன், சோப்பு நீலப் பச்சைக்குப் போனது. பாடி வாஷ் மஞ்சளிலேயே நின்றது. நல்ல தோல் சிறிது நேரத்தில் தன் அமிலத்தன்மையை மீட்டுக்கொள்ளும். வறண்ட தோலுக்கும், ஏற்கெனவே வெடித்த தோலுக்கும்தான் தினம் இரண்டு வேளைக் காரம் தொந்தரவு. என் கால் அரித்ததற்கு உப்புத் தண்ணீரும் காரமும் சேர்ந்த கூட்டணியே காரணம் என்று புரிந்தது.

சரி, 'ஆண்களுக்கு' என்று போட்டிருக்கிறதே, அது என்ன? கடையில் நின்று ஆண்கள் பாட்டில் மூன்றையும் சாதாரண பாட்டில் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். முதல் நாலைந்து பொருள் கிட்டத்தட்ட ஒன்றே. வாசனை, நிறம், பாட்டிலின் வடிவம் வேறு. சிலவற்றில் மென்தால். அது உடம்பின் சூட்டைக் குறைப்பதில்லை; குளிரை உணரும் நரம்பைத் தூண்டிவிட்டு ஜில்லென்று நினைக்க வைக்கிறது. சிலவற்றில் கரி. இரண்டு நிமிடத்தில் கழுவி ஊற்றப் போகிற கரி தோலுக்குள் இருந்து எதை இழுத்து வரும் என்று எனக்கு விளங்கவில்லை. தலை, முகம், உடம்பு மூன்றுக்கும் ஒன்று என்கிற வகை மட்டும் விடுதிக்குக் கொஞ்சம் பொருந்தும், ஷாம்பு தனியாக வாங்க வேண்டாம்.

கிருமிநாசினி விளம்பரத்துக்கும் மயங்க வேண்டாம். அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் டிரைக்ளோசன் உட்பட 19 பொருள்களைக் கிருமிநாசினிச் சோப்புகளிலும் வாஷ்களிலும் போடத் தடை விதித்தது. சாதாரண சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட அவை கூடுதலாகச் செய்கின்றன என்பதற்கு ஆதாரம் தரப்படவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. இதைச் சொல்லும்போது விடுதி விஷயம் ஒன்றையும் சொல்ல வேண்டும். படர்தாமரை எந்தப் பாடி வாஷுக்கும் போகாது. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாள் அடக்கிவிட்டு, பிறகு பெரிதாக்கும். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போங்கள். அடுத்தவன் துண்டை எடுக்காதீர்கள், நாரையும்தான்.

இனி கணக்குக்கு வருவோம். ஒரு குளியலுக்கு 10 மி.லி. என்றால் 250 மி.லி. பாட்டில் 25 குளியல், ஒன்றுக்குச் சுமார் 8 ரூபாய். நான் வாங்குகிற 40 ரூபாய் கட்டிச் சோப்பு 28 குளியல் வருகிறது, ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் குறைவு. சோப்பு டப்பாவில் தண்ணீர் தேங்கினால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். டப்பாவின் அடியில் சூடான கம்பியால் நாலு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டிச் சோப்பிலும் ஜாதி உண்டு. உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும், மொத்தக் கொழுப்புப் பொருளின் சதவீதம். ஐ.எஸ். 2888 தர அளவின்படி முதல் கிரேடு டாய்லெட் சோப்புக்குக் குறைந்தது 76, இரண்டாவதுக்கு 70, மூன்றாவதுக்கு 60. 'பாத்திங் பார்' என்று போட்டிருந்தால் அது வேறு தர அளவு. 40 இருந்தாலே போதும். விலை மலிவாகத் தெரிந்து சீக்கிரம் கரைந்து போவது பெரும்பாலும் குறைந்த டி.எஃப்.எம். வகைதான். ஆனால் எல்லா 'பார்'களும் மட்டம் என்று நினைக்கக் கூடாது. 1957-ல் அமெரிக்காவில் வந்த டவ் போன்றவை கட்டி வடிவில் இருந்தாலும் சோப்பு அல்ல. சோடியம் கோகோயில் ஐசெதயோனேட் என்ற மென்மையான டிடர்ஜெண்ட்தான் முதல் சரக்கு. உப்புத் தண்ணீரில் திரிவு குறைவு, பி.ஹெச். 7 பக்கம். ஆக, தோல் வறண்டவர்களுக்குப் பாட்டில் தருகிற நன்மையைக் கட்டியிலேயே குறைந்த செலவில் வாங்கிவிடலாம். நான் இப்போது குளிர்காலத்துக்கு அதையும், மற்ற மாதங்களுக்கு முதல் கிரேடு சோப்பையும் வைத்திருக்கிறேன். வகுப்பில் சிரிப்பை வரவழைத்த அந்த வாடைக்கு மருந்து பாட்டிலில் இல்லை. காக்கிச் சட்டையை வாரம் ஒருமுறைக்குப் பதில் இரண்டுமுறை துவைத்ததும் அது போய்விட்டது.

ஒர்க்ஷாப் கிரீஸ் விஷயத்தில் மட்டும் பாட்டிலும் தோற்றது, கட்டியும் தோற்றது. கறுப்பு பாட்டிலில் கடைசியாகக் கிடந்த கொஞ்சத்தை நான் ஊருக்கு எடுத்துப் போயிருந்தேன். அப்பா முப்பது வருடமாக டீசலில் கை கழுவி, மேலே சலவைத்தூள் போட்டுத் தேய்ப்பவர். டீசல் கிரீஸைக் கரைக்கும், கூடவே தோலில் இருக்கிற இயற்கை எண்ணெயையும் கரைத்துக்கொண்டு போகும். அதன்மேல் சலவைத்தூளின் காரம். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, சாப்பாட்டில் குழம்பு பட்டால் முகத்தைச் சுளிப்பார். பாடி வாஷைக் கையில் ஊற்றிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கல்யாண வீட்டு வாசமாட்ட இருக்குது, அழுக்குத்தான் போகமாட்டீங்குது" என்றார்.

எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும் என்று புத்தகத்தில் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயைத் தண்ணீர் படாத கையில் ஊற்றி, நகக்கண்ணில் எல்லாம் நன்றாகத் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைக்கச் சொன்னேன். கறுப்பு துணிக்கு வந்தது. பிறகுதான் சோப்பு, தண்ணீர். சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இருந்த டாக்டர் சித்தன், தொழிலாளர்களின் தோல் உபாதைக்காகத் தயாரித்த எண்ணெயிலிருந்துதான் 1969-ல் மெடிமிக்ஸ் சோப்பு பிறந்தது என்றும் அப்பாவிடம் சொன்னேன். "அட, நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னு செஞ்சதா அது!" என்று சிரித்தார்.

இரண்டு மாதத்தில் விரல் இடுக்கு வெடிப்பு ஆறிவிட்டது. உள்ளங்கை ரேகைகளில் ஏறிய கறுப்பு போகவில்லை. அது போகாது, போக வேண்டியதும் இல்லை என்கிறார். டூல் பாக்ஸில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் இப்போது ஒரு சின்ன எண்ணெய் டப்பா இருக்கிறது. தலைக்கு வைக்க வாங்கின எண்ணெய் எங்கே போகிறது என்று அம்மா என்னிடம்தான் கேட்கிறார்.

– இரண்டாமாண்டு, இயந்திரவியல் பிரிவு