சம்பந்தியம்மாவிடம் பேச ஸ்பானிஷ் கற்றுக்கொண்டேன்!

போன வருடம் ஆவணி மாதம். இரவு இரண்டு மணிக்கு போன் அடித்தது. ஸ்பெயின் நாட்டு எண். எங்கள் மகள் வலென்சியா நகரத்தில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். விசா கைக்கு வராததால் நான் ராஜபாளையத்தில் போனும் கையுமாகத்தான் இருந்தேன். எடுத்தால், பேசியது மகளும் இல்லை, மருமகனும் இல்லை. சம்பந்தியம்மா.

"தோதோ பியென், தோதோ பியென்" என்றார். பிறகு "ஊனா நிஞா" என்றார். அழுகிறாரா, சிரிக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "என்ன ஆச்சு? என் பொண்ணு எப்படி இருக்கா?" என்று தமிழில் கத்தினேன். அவர் அதே சொற்களை இன்னும் சத்தமாகச் சொன்னார். போனை வைத்தபோது என் கை நடுங்கியது.

அரை மணி நேரம் கழித்து மருமகன் அழைத்தார். 'தோதோ பியென்' என்றால் 'எல்லாம் நல்லபடியாக இருக்கிறது'. 'ஊனா நிஞா' என்றால் 'பெண் குழந்தை'. பேத்தி பிறந்த செய்தியை உலகத்திலேயே முதலில் எனக்குத்தான் சொல்லியிருக்கிறார் அந்த அம்மா. நானோ அதைக் கேட்டுவிட்டு, அரை மணி நேரம் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

அடுத்த வாரமே ஸ்பானிஷ் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். எனக்கு வயது 56. ஸ்ரீவில்லிபுத்தூரில் கணக்கு டீச்சர். நம் ஊரில் ஸ்பானிஷ் வகுப்புக்கு எங்கே போவது? நானேதான் படிக்க வேண்டும்.

ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போன கதை

முதல் ஒரு மாதம் ஆங்கிலம் வழியாகப் படித்தேன். போனில் ஒரு இலவச ஆப், யூடியூபில் பாடங்கள். தமிழில் யோசித்து, அதை ஆங்கிலமாக்கி, அதிலிருந்து ஸ்பானிஷுக்குப் போவதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்.

ஒரு நாள் வீடியோ காலில் வார்த்தை தடுமாறியது. 'எனக்கு வெட்கமாக இருக்கிறது' என்று சொல்ல நினைத்தேன். ஆங்கிலத்தில் 'எம்பரஸ்டு' என்கிறோமே, அதே சாயலில் ஸ்பானிஷிலும் 'எம்பராஸாதா' என்று ஒரு சொல் கண்ணில் பட்டிருந்தது. தைரியமாக அதைச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா கண்ணை அகல விரித்தார். மகள் குழந்தையை மருமகனிடம் கொடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ மாசமா இருக்கேன்னு சொல்லியிருக்கே!"

அன்றோடு ஆங்கிலக் குறுக்குவழியை விட்டேன். தமிழிலிருந்து நேராகப் போனால் என்ன என்று பார்க்க ஆரம்பித்த பிறகுதான் கதவு திறந்தது.

எனக்குத் தலை வலிக்கிறது

'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதை ஆங்கிலத்தில் 'நான்' என்று தொடங்கித்தான் சொல்ல வேண்டும். ஸ்பானிஷில் 'மே குஸ்தா எல் கஃபே'. இதில் 'மே' என்பது 'எனக்கு'. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பது 'மே துவேலே லா கபேஸா'. 'எனக்குத் தோன்றுகிறது' என்பது 'மே பரேஸே'. பிடிப்பது, வலிப்பது, தோன்றுவது எல்லாம் நம் பேச்சைப் போலவே 'எனக்கு' என்றுதான் தொடங்குகிறது.

வினைச்சொல்லின் வாலும் அப்படித்தான். 'பேசுகிறேன்' என்றாலே 'நான்' என்று தெரிந்துவிடுகிறது, தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஸ்பானிஷிலும் ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் என்றால் பேசுகிறாய், ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறோம். வால் மாறினால் ஆள் மாறும்.

நீ, நீங்கள் வித்தியாசமும் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். சம்பந்தியம்மா இரண்டாவது அழைப்பிலேயே 'தூ' என்றே கூப்பிடச் சொன்னார். ஸ்பெயினில் சீக்கிரமே 'தூ'வுக்கு வந்துவிடுவார்கள். எனக்குத்தான் சம்பந்தியை 'நீ' என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. இன்னும் 'உஸ்தேத்'தான்!

இதைவிட என்னை அசத்தியது வேறு ஒரு சொல். பிள்ளையின் மாமியாரை, மாமனாரை நாம் 'சம்பந்தி' என்கிறோம். ஆங்கிலத்தில் இதற்குப் புழக்கத்தில் ஒரு சொல்லே கிடையாது. ஸ்பானிஷில் இருக்கிறது: 'கொன்சுவேக்ரா'. அவருக்கு நானும், எனக்கு அவரும் கொன்சுவேக்ரா.

ஞகரமும் றகரமும்

'நிஞா', 'மஞானா' (நாளை) போன்ற சொற்களில் வரும் ஒலிக்கு ஸ்பானிஷில் தனி எழுத்தே இருக்கிறது. அது நம் 'ஞ'தான். 'தோதோ' என்பதைத் தமிழில் படியுங்கள். முதல் 'தோ' அழுத்தமாகவும், இரண்டாவது 'அது' என்பதில் வரும் 'து' போல மெத்தென்றும் வருகிறதா? அதுதான் சரியான உச்சரிப்பு.

'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெர்ரோ' என்று நாக்கை உருட்டி, றகரத்தை அழுத்திச் சொன்னால் 'நாய்'. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல் மறக்குமா? வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. அதன் படத்தைக் காட்டித்தான் சம்பந்தியம்மாவிடம் 'பெர்ரோ' பழகினேன்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. மேசைக்கும் நாற்காலிக்கும்கூட அங்கே பெண்பால். 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்பதை 'வேண்டும் தண்ணீர்' என்கிற வரிசையில் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம் 'ப' ஒன்றே இரண்டு ஒலிக்கு நிற்கிறது. அங்கே அழுத்தி 'பேசோ' என்றால் எடை. 'பஸ்'ஸில் வரும் ஒலியோடு 'பேசோ' என்றால் முத்தம். இதையெல்லாம் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் சொற்கள்

16-ம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் தமிழில் பல சொற்களை விட்டுச் சென்றார்கள். போர்த்துக்கீசியமும் ஸ்பானிஷும் அக்கா தங்கை மொழிகள். அதனால் மேசை அங்கே 'மேஸா', அலமாரி 'அர்மாரியோ', துவாலை 'தோஆயா', பொத்தான் 'போதோன்', கோப்பை 'கோபா', சாவி 'யாவே'. எல்லாச் சொல்லும் இப்படி ஒத்துப்போகாது. ஜன்னல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததுதான். ஆனால் ஸ்பானிஷில் அது 'வென்தானா'.

நம்மிடமிருந்து அங்கே போனவையும் உண்டு. மாங்காய் பல மொழிகளைக் கடந்து அங்கே 'மாங்கோ' ஆகியிருக்கிறது. கட்டுமரம் 'கதமரான்' ஆகியிருக்கிறது. வலென்சியா ஆரஞ்சுக்குப் பெயர்போன ஊர். அந்த 'நரான்ஹா' என்ற சொல்லின் வேர், நம் நாரத்தங்காயின் வேரோடு சேர்ந்தது என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். அதைச் சொன்னதும் மகள் மாமியாருக்கு நாரத்தங்காய் ஊறுகாய் கொடுத்துப் பார்த்தாள். ஒரு நக்கு நக்கிவிட்டு, அரை லிட்டர் தண்ணீர் குடித்தாராம்!

போர்த்துக்கீசியப் பாதிரியார் ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் 1547-ல் தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கம் வந்தபோது, அவருக்குத் தமிழ் கற்க அச்சிட்ட புத்தகமோ ஆப்போ கிடையாது. மக்களிடம் பேசிப் பேசியே கற்று, பிறகு தன் நாட்டவருக்காகத் தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் மொழிபெயர்த்ததுதான். கையில் எதுவும் இல்லாமலே அவரால் முடிந்தது. நமக்கு வீடியோ காலில் எதிரே ஆளே இருக்கிறார்.

நாமும் இதைச் சின்ன வயதில் செய்தவர்கள்தானே? ராஜபாளையத்தில் பல வீடுகளில் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். என் வீட்டில் தமிழ்தான். ஆனால் பக்கத்து வீட்டு அத்தை, "ரா, கூர்ச்சோ, தினு" என்று கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டே எனக்குத் தெலுங்கு வந்துவிட்டது. சம்பந்தியம்மாவும் இப்படித்தான். வீட்டில் வலென்சியா மொழி, வெளியே ஸ்பானிஷ்.

பஸ்ஸில் படித்த முப்பது நாள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அந்த பஸ் பயணம்தான் என் வகுப்பறை. நாளுக்கு ஒரு பாசுரம் என்று மார்கழியில் முப்பது நாளும் பாடப் பழகிய ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அதே கணக்கை நானும் வைத்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு வாக்கியம், முப்பது நாளுக்கு முப்பது வாக்கியம்.

வாக்கியத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவிடம் உண்மையிலேயே என்ன பேசுவேனோ, அதைத் தமிழில் எழுதி மகளுக்கு அனுப்புவேன். அவள் ஸ்பானிஷில் குரல் பதிவாக அனுப்புவாள். போகும்போது கேட்பேன், வரும்போது முணுமுணுப்பேன். பக்கத்து சீட்காரர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்திருப்பார்கள்! முதல் வாரத்தில் எனக்கு மிகவும் உதவியவை இந்தப் பத்து:

ஓலா – ஹலோ
புவேனோஸ் தியாஸ் – காலை வணக்கம்
கோமோ எஸ்தா? – எப்படி இருக்கிறீர்கள்?
பியென், கிராஸியாஸ் – நன்றாக இருக்கிறேன், நன்றி
மே யாமோ... – என் பெயர்...
நோ என்தியெந்தோ – எனக்குப் புரியவில்லை
மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர் – தயவுசெய்து, இன்னும் மெதுவாக
ஓத்ரா வெஸ் – இன்னொரு தடவை
கோமோ சே தீஸே...? – ...என்பதை எப்படிச் சொல்வது?
ஆஸ்தா மஞானா – நாளை பார்க்கலாம்

கடைசி ஐந்தில் நான்கு, பேச்சு நின்றுபோகாமல் காப்பாற்றுபவை. புரியாதபோது தலையாட்டிச் சிரித்து வைத்தால் மொழி வராது. 'ஓத்ரா வெஸ்' என்று கேட்டால் வரும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால். முதல் ஐந்து நிமிடம் மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து இருபதானது. ஒரு வாரம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவைக் காட்டினேன். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய இனிப்பாயிற்றே! "துல்ஸே தே லேச்சே?" என்று கேட்டார். பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சி அர்ஜென்டினா போன்ற நாடுகளில் செய்யும் இனிப்பு அது. சொல்லுக்குச் சொல் 'பால் இனிப்பு'. எது கெட்டி, எது தளர்வு என்று கையாலேயே பேசி முடித்தோம்.

ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. படிப்பு, வேலை என்று போகிறவர்கள் முறையாகத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். ஸ்பெயின் அரசு 1991-ல் தொடங்கிய செர்வாந்தஸ் நிறுவனம் 'தெலே' என்ற தேர்வை நடத்துகிறது. அதன் முதல் படி ஏ1. நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குத் தேவை ஒரே ஒருவரிடம் பேசுவது.

எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் இலக்கணத்தில் தப்பு வருகிறது. அவர் வேகமாகப் பேசினால் பாதி புரிவதில்லை. போன வாரம் மகள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். நாங்கள் இருவர் மட்டும்தான் பேசினோம். கால் நீட்டி உட்கார்ந்திருந்த நான், "மே துவேலே லா ரோதியா" என்றேன். எனக்கு முழங்கால் வலிக்கிறது. அவர் சட்டென்று கேமராவைத் திருப்பித் தன் முழங்காலைக் காட்டினார். "ஆ மி தம்பியென்!" எனக்கும்தான்!

பிறகு இருவரும் அரை மணி நேரம் மூட்டு வலியைப் பற்றியே பேசினோம். நான் தைலம் சொன்னேன். அவர் நடைப்பயிற்சி சொன்னார். கடைசியில், "இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். "எனக்கு முழங்கால் வலிக்குது" என்றேன். மூன்று முறை முயன்றார். மற்றதெல்லாம் வந்துவிட்டது, 'ழ' மட்டும் வரவில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் பழகிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.