கொல்லிப்பாவையும் பொய்யறியும் யந்திரமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலையின் மேல் ஏறுகிறவர்கள், ஆகாயகங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்த பிறகு, எட்டுக்கை அம்மன் கோயிலுக்கும் போய்வருவது வழக்கம். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் பேசப்படுகிற கொல்லிப்பாவை இந்த அம்மனே என்பது மலையில் வழங்கும் நம்பிக்கை. மலையில் தவமிருந்த முனிவர்களை அசுரர்களும் அரக்கர்களும் வந்து வருத்தியபோது, அவர்கள் மேல் பட்ட காற்று தன்மேல் வீசிய மாத்திரத்தில் வருகிறவன் கொடியவன் என்று அறிந்து, தானே நகைத்து, அந்த நகையில் மயங்கி அவன் நெருங்குகையில் அவன் உயிரைப் போக்கும்படியாக ஒரு பாவை பொறியமைத்து நிறுத்தப்பட்டது என்பது உரையாசிரியர்கள் வாயிலாக நமக்குக் கிடைக்கும் கதை.

வாய்ச்சொல்லின் துணையின்றி, எதிரே நிற்பவனுடைய உள்ளத்தைத் தானே அறிந்து தீர்ப்பும் சொல்லிவிடும் ஒரு பொறி வேண்டும் என்ற ஆசை இத்தனை பழமையானது. இன்று அந்த ஆசைக்குப் பத்திரிகைகள் இட்டிருக்கும் பெயர் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்பது. கொலை, கொள்ளை போன்ற பெரிய வழக்குகளில் போலீசார் நாடும் இந்தச் சோதனை, இப்போது தாம்பத்தியத்தின் உள்ளறைக்கும் வந்துவிட்டது. நகரங்களில் கட்டணம் பெற்றுக்கொண்டு இதனைச் செய்து தரும் தனியார் நிறுவனங்கள் உண்டு.

கேரளத்துத் தோட்டங்களில் சில மாதங்கள் கூலிவேலை பார்த்துவிட்டு மலைக்குத் திரும்புகிற ஒருவன், யாரோ சொன்ன அபவாதத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, தன் மனைவியைப் பார்த்து, “நீ சொல்றத நான் நம்பணும்னா அந்த மெசின் முன்னால உக்காந்து சொல்லு” என்று கேட்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுடைய பாட்டன் காலத்தில் என்றால், “சாமி முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு” என்று கேட்டிருப்பான். கேள்வி ஒன்றேதான், சூடம் எரிந்த தட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு யந்திரம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பெண் என்ன செய்வது? உட்கார்ந்தால் என்ன நேரும்? மறுத்தால் என்ன நேரும்? மனைவியின் சந்தேகத்துக்கு ஆளான கணவனுக்கும் இதே கேள்விகள்தாம்.

முதலில் யந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மார்பையும் வயிற்றையும் சுற்றிய இரண்டு குழாய்கள் சுவாசத்தின் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்கின்றன. மேற்கையில் கட்டிய பட்டை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காட்டுகிறது. விரல்நுனிகளில் மாட்டிய சிறு தகடுகள், வியர்வை அரும்பும்போது தோலின் மின்கடத்தும் தன்மையில் உண்டாகும் மாறுதலைக் கணிக்கின்றன. அவ்வளவே. பொய் என்பதற்கென்று உடலில் தனியான அடையாளம் ஒன்றும் இல்லாமையால், உடலின் கலவரம் ஒன்றையே இந்த யந்திரம் அளக்கிறது. அந்தக் கலவரத்துக்குக் காரணம் பொய்தான் என்று சொல்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பரிசோதகர்.

அவருடைய முறை என்னவென்றால், குற்றத்தைப் பற்றிய கேள்விகளுக்கு இடையிடையே, “உங்களை நம்பிய ஒருவரிடம் எப்பொழுதாவது பொய் சொன்னதுண்டா?” என்பது போன்ற, எவரையும் சிறிது கூசச் செய்யும் பொதுக்கேள்விகளையும் வைத்து, எதற்கு உடல் அதிகமாக அதிர்கிறது என்று ஒப்பிடுவது. நிரபராதி பொதுக்கேள்விக்கே அதிகம் கலங்குவான், குற்றவாளி குற்றத்தைப் பற்றிய கேள்விக்கு அதிகம் கலங்குவான் என்பது இதன் அடிப்படை. ஆனால், பத்து வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த புருஷன் தன்னை நம்பாமல் இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறான் என்ற எண்ணம் நெஞ்சை அறுத்துக்கொண்டிருக்கையில், “உனக்கும் அவனுக்கும் உறவு உண்டா?” என்ற கேள்வி காதில் விழும்போது, எந்த நிரபராதியின் நாடி அமைதியாக ஓடும்? கொலை வழக்கிலாவது, ஆயுதம் எது, உடல் எங்கே கிடந்தது என்பன போன்று கொன்றவன் ஒருவனே அறிந்த விவரங்கள் உண்டு. அவற்றை மற்ற விவரங்களோடு கலந்து கேட்டுப் பார்க்கும் வேறொரு முறையும் உண்டு. நடவாத ஒன்றைப் பற்றிய சந்தேகத்தில் அத்தகைய விவரத்தை எங்கே தேடுவது?

பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இந்த மயக்கத்துக்கு ‘ஒதெல்லோவின் பிழை’ என்று பெயரிட்டார். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தன் சொல் ஏறாது என்ற பயத்தினால் டெஸ்டிமோனா கலங்குகிறாள். அந்தக் கலக்கத்தையே குற்றத்தின் சாட்சியாக எடுத்துக்கொண்டு கணவன் அவளைக் கொன்றுவிடுகிறான். கொல்லிப்பாவையின் கதையில் அசுரன் வேறு, முனிவன் வேறு. ஒருவன்மேல் பட்ட காற்று மற்றவன்மேல் பட்டது போல் இராது. மனிதரிடத்திலோ, அகப்பட்டுவிடுவோம் என்ற பயமும், நம்பப்படாமல் போய்விடுவோம் என்ற பயமும் தோலின்மேல் ஒரே வியர்வையாகத்தான் அரும்புகின்றன. அன்பு எவ்வளவு ஆழமோ அந்த இரண்டாவது பயமும் அவ்வளவு கடுமையாக இருக்கும் ஆதலால், இந்த யந்திரத்துக்கு மிகவும் பொருந்தாத இடம் கணவன் மனைவி வழக்கே என்பது என் துணிபு.

இதன் வரலாறும் ஒரு தம்பதியரிடமிருந்தே தொடங்குகிறது. உள்ளம் கிளர்ச்சியுறும்போது தன் இரத்த அழுத்தம் ஏறுவது போலிருக்கிறது என்று மனைவி எலிசபெத் சொன்னதிலிருந்துதான், 1915-ஐ ஒட்டிய வருஷங்களில், ஹார்வர்டில் வில்லியம் மார்ஸ்டனுக்கு இந்த எண்ணம் பிறந்தது என்பார்கள். 1921-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீசில் இருந்த ஜான் லார்சன் பல அளவைகளை ஒருங்கே எழுதும் யந்திரத்தை அமைத்தார். பிற்காலத்தில், அது பயன்படுத்தப்பட்ட விதத்தைக் கண்டு அவரே மனம் நொந்தார். 1923-ல் வாஷிங்டன் நீதிமன்றம் மார்ஸ்டனின் சோதனையைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டது. 2003-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர் குழு, குறிப்பிட்ட ஒரு சம்பவத்தைப் பற்றிய சோதனையில் இந்த யந்திரம் குருட்டு ஊகத்தைவிட எவ்வளவோ மேல், பூரணமான துல்லியத்துக்கோ எவ்வளவோ கீழ் என்ற முடிவுக்கு வந்தது. சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்ற அமெரிக்க உளவு அதிகாரி, அந்தத் துரோகத்தைச் செய்துகொண்டிருந்த காலத்திலேயே, 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறியவர்.

நம் முன்னோரும் இதே வழியில் நடந்து பார்த்தவர்களே. தர்மசாஸ்திரங்கள் துலை, அக்கினி, ஜலம், விஷம் முதலான திவ்யங்களை, அதாவது தெய்வச் சோதனைகளை, வகுத்தன. திருட்டுக் குற்றத்துக்கு அரிசியை மெல்லச் செய்யும் திவ்யம் ஒன்று உண்டு. உமிழ்ந்ததில் இரத்தம் கண்டாலோ, உடல் நடுங்கினாலோ குற்றவாளி என்று முடிவு செய்தார்கள். பயத்தில் வாய் உலர்ந்துபோகும் என்ற அனுபவ அறிவு அதில் அடங்கியிருந்தது. பயம் நிரபராதிக்கும் உண்டு என்ற அறிவுதான் இல்லை. சுசீந்திரத்தில், பெண் விஷயமான அபவாதத்துக்கு ஆளான நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தம் தூய்மையை நிரூபிக்கவேண்டியிருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அந்த வழக்கம் ஒழிக்கப்பட்டது.

நெய்யில் வெந்த கையையாவது ஊரார் கண்ணால் கண்டார்கள். யந்திரத்தினால் வரும் புண் உள்ளே போய்விடுகிறது. பிரிட்டனில் வருஷக்கணக்காக நடந்துவந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், துணைவருக்குத் துரோகம் செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களை இந்தச் சோதனைக்கு உட்படுத்தி, முடிவைச் சபையின் நடுவில் படித்துக் காட்டுவது வழக்கமாயிருந்தது. 2019 மே மாதத்தில், தாம் துரோகம் செய்யவில்லை என்று சாதித்துச் சோதனையில் தோற்ற ஒருவர், சில நாட்களில் இறந்துகிடந்தார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பாராளுமன்றக் குழு அதனை நடத்தியவர்களை அழைத்து, அந்தச் சோதனை எத்தனை சதவீதம் துல்லியமானது என்று கேட்டபோது, அவர்களால் விடை சொல்ல முடியவில்லை.

நம் நாட்டில் இவ்விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2010 மே 5 அன்று, செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணனும் இரண்டு நீதிபதிகளும் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு, குற்றவழக்கானாலும் வேறு எதுவானாலும் எவரையும் பலவந்தமாக இந்தச் சோதனைக்கு உட்படுத்தலாகாது என்று தீர்ப்பளித்தது. தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்படி ஒருவரை வற்புறுத்தலாகாது என்ற அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் பிரிவும், தனிமனித சுதந்திரத்தைக் காக்கும் 21ஆம் பிரிவும் அதற்கு ஆதாரம். போலீஸ் விசாரணையில் ஒருவர் தாமாக இசைந்தால், வக்கீலின் துணை அவருக்குக் கிடைக்கவேண்டும். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன் பதிவு செய்யவேண்டும். இவ்வளவும் செய்தபின்னரும் சோதனையின் முடிவு தானே சாட்சியம் ஆகாது. அதன் வழியாகப் பின்னர் கண்டெடுக்கப்படும் பொருளோ தகவலோ மட்டும் சட்டப்படி ஏற்கப்படலாம். மறுப்பதற்குள்ள உரிமை ஏட்டளவில் நிற்பதன்று. திருச்சி ராமஜெயம் கொலை வழக்கில் பதின்மூவரிடம் சம்மதம் கேட்கப்பட்டபோது ஒருவர் மறுத்தார்; 2023 ஜனவரியில் சென்னையில் மற்றப் பன்னிருவருக்கே சோதனை நடந்தது.

கொல்லிமலையைப் பொறுத்தவரையில் இன்னொன்றும் சொல்லவேண்டும். அங்கு வாழும் மலையாளி என்னும் மலைச் சமூகத்தார் பட்டியல் பழங்குடியினர். ஆகவே மத்திய அரசு தனியே அறிவித்தாலன்றி 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் அவர்களுக்குச் செல்லாது. அவர்களுடைய விவாகமும் பிரிவும் அவர்களுடைய வழக்காற்றைச் சேர்ந்தவை. பெரியவர்கள் கூடிப் பேசுகிற பஞ்சாயத்துக்கே அவ்வழக்குகள் பெரும்பாலும் முதலில் வரும். ஆயினும் மேற்சொன்ன அரசியல் சாசனப் பாதுகாப்பு மலைக்கும் சமவெளிக்கும் ஒன்றே. யந்திரத்தின் முன் உட்காரமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னால், அதனைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொள்ள எவருக்கும் நியாயம் இல்லை. குற்றஞ்சாட்டுகிறவன்தான் அதனை மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவன்.

2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமோ எந்தச் சமூகத்துப் பெண்ணுக்கும் பொருந்துவது. அதன்கீழ் முறையீட்டைப் பதிவு செய்வதற்கென்று விதிகளில் முதல் படிவம் ஒன்று தரப்பட்டிருக்கிறது. அடியும் உதையும் ஒரு பகுதியில் வர, சொல்லாலும் மனத்தாலும் இழைக்கும் கொடுமைகள் என்ற மற்றொரு பகுதியில், பெண்ணின் நடத்தையைப் பற்றிப் பழி சுமத்துவதும் பெயர் சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு அலுவலர் அந்தப் படிவத்தை நிரப்பும்போது அவளிடம் கேட்டு எழுதிக்கொள்வது, கணவன் என்ன சொன்னான், எப்பொழுது சொன்னான் என்பவற்றைத்தான்.