தரையில் படியாத போர்வை

குரோஷா ஊசியால் வட்டப் போர்வை பின்னுகிறவர்கள் கையில் ஒரு கணக்கு ஊறியிருக்கும். சிங்கிள் குரோஷா என்றால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்ட வேண்டும். குறைத்தால் விளிம்பு உள்ளிழுத்துத் தொப்பியாகும். மிகுந்தால் அலை அலையாகச் சுருண்டு, தரையில் படியவே படியாது. ஏன் 6? ஆரம் ஓர் அலகு கூடும்போது சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 அலகு கூடும். சிங்கிள் குரோஷா கண்ணிக்கு உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அது சுமார் 6 கண்ணி. பை என்ற பெயரையே கேட்டிராத பாட்டிகளும் இந்தக் கணக்கில் தவறியதில்லை.

சுருண்டுபோன விளிம்பை எல்லோரும் அவிழ்த்துவிடுவார்கள். லாட்வியாவில் பிறந்த கணிதப் பேராசிரியர் டைனா டைமினா, 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அந்தச் சுருளை வேண்டுமென்றே வரவழைத்தார். அவருக்குத் தேவைப்பட்டது போர்வை அல்ல, அதிபரவளையத் தளம்.

ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒரே ஓர் இணைகோடுதான் செல்லும் என்று பள்ளியில் படித்தோம். அது யூக்ளிட் வழி. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் லோபாசெவ்ஸ்கியும் ஹங்கேரியின் போயாயும், எத்தனையோ கோடுகள் அப்படிச் செல்லக்கூடிய இன்னொரு வடிவியலைத் தனித்தனியே கட்டினார்கள். அந்த வடிவியலின் பரப்புதான் அதிபரவளையத் தளம். தாளில் எழுதலாம், கண்ணால் பார்ப்பது எப்படி? பின்னாளில் வந்த கணிதர்கள் காகித வளையங்களை ஒட்டி மாதிரி செய்தார்கள். மாணவர் கைபட்டால் கிழிந்தது. டைமினாவின் பின்னல் கிழியவில்லை. மடித்தால் மடிப்பே நேர்கோடு. அதன்மேல் வேறு நிற நூலை ஓட்டினார். ஒரே புள்ளி வழியாக மூன்று கோடுகள், மூன்றும் நான்காவது கோட்டைத் தொடாமல் விலகிப் போயின. அதில் வரையும் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வராது, குறையும்.

இதைப் பற்றிய அவருடைய நூல், விசித்திரமான தலைப்புக்கான டயாகிராம் பரிசையும் பின்னர் கணித நூலுக்கான ஆய்லர் பரிசையும் பெற்றது. இரண்டும் ஒரே புத்தகத்துக்குக் கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

செய்து பார்க்க நினைப்பவர்கள் விறைப்பான அக்ரிலிக் நூலை எடுத்து, இறுக்கிப் பின்னுங்கள். 20 கண்ணியில் தொடங்கி, ஒவ்வொரு 5 கண்ணிக்கும் ஒன்று கூட்டினால் போதும். பத்தாவது வரிசை நூறைத் தாண்டும். இருபதாவது 650ஐத் தாண்டும். நூலைத் தாராளமாக வாங்கி வையுங்கள்: கடைசி நான்கு வரிசைகளே மொத்த நூலில் பாதியை விழுங்கிவிடும்.